உயரம் மாற்றிய வண்டியில் பின் ஆக்ஸில் ஒருபக்கம் தள்ளி நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜிம்னி, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் போல, பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸிலும் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள வண்டியின் உயரத்தை மாற்றினால் பின் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும். லிஃப்ட் கிட் போட்டுத் தூக்கினாலும் நகரும், தாழ்வான ஸ்பிரிங் போட்டு இறக்கினாலும் நகரும். வருஷக்கணக்கில் பாரம் ஏற்றி ஸ்பிரிங் தானாக உட்கார்ந்துவிட்டால்கூட நகரும். பட்டறையில் காட்டினால் "ஆக்ஸில் அவுட்டா இருக்கு" என்பார்கள். அடுத்த பேச்சே அட்ஜஸ்டபிள் பனார்ட் ராடு (ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி) வாங்குவது பற்றித்தான் இருக்கும்.

அந்த ராடு நல்ல சாமான்தான். ஆனால் ஆக்ஸில் நேராக இருந்துகொண்டே இடமோ வலமோ தள்ளி நிற்கும் கோளாறை மட்டும்தான் அது சரிசெய்யும். ஆக்ஸில் கோணலாக நிற்பது, புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) கிழிந்திருப்பது, பிராக்கெட் விரிசல் விட்டிருப்பது, வண்டியே ஒருபக்கம் சாய்ந்திருப்பது என்று மற்ற எதற்கும் அது மருந்தில்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது இவை எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும்: ஒரு டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும், மற்றது உள்ளே பதுங்கியிருக்கும். ஆகவே ராடுக்குப் பணம் கொடுக்கும் முன் அளவெடுங்கள். ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, கொஞ்சம் நூல் போதும்.

ஆக்ஸில் ஏன் தள்ளுகிறது

பனார்ட் ராடைத்தான் சுசுகியும் டொயோட்டாவும் லேட்டரல் ராடு என்கின்றன. ஒரு முனை சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரு பக்கத்தில், மறுமுனை ஆக்ஸில் ஹவுசிங்கின் (ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) எதிர்ப்பக்கத்தில். ஆக்ஸில் இடவலமாக ஆடாமல் பிடித்துவைப்பது இதன் வேலை. ஒரு முனை நிலையாக இருப்பதால், மறுமுனை கீலில் திரும்பும் கதவின் விளிம்பு போல வளைவில்தான் போகும். நேர்கோட்டில் ஏறி இறங்காது. உயரம் மாறினால் பக்கவாட்டு இடமும் மாறுவதற்குக் காரணம் அதுதான்.

எவ்வளவு மாறும் என்பது எவ்வளவு தூக்கினீர்கள் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. ராடு ஏற்கெனவே எவ்வளவு சரிவில் இருந்தது என்பதுதான் முக்கியம். 900 மி.மீ. நீள ராடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூக்கும் முன் அது தரைக்கு இணையாகப் படுத்திருந்தால், 50 மி.மீ. தூக்கியதும் ஆக்ஸில் நகர்வது 1.4 மி.மீ. மட்டுமே. கண்ணுக்கே தெரியாது. சேசிஸ் முனை முன்பே 60 மி.மீ. மேலே இருந்திருந்தால் அதே 50 மி.மீ.க்கு நகர்வு 4.7 மி.மீ. 100 மி.மீ. மேலே இருந்திருந்தால் 7 மி.மீ. அந்த நிலையிலிருந்து 75 மி.மீ. தூக்கினால் 11 மி.மீ.க்கும் மேல் போய்விடும். "என் நண்பன் வண்டியில் ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

திசையையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சேசிஸ் முனை உயரத்தில், ஆக்ஸில் முனை தாழ்வில் இருக்கும் வண்டியைத் தூக்கினால், சேசிஸில் ராடு மாட்டியிருக்கும் பக்கத்தை நோக்கி ஆக்ஸில் இழுக்கப்படும். அந்தப் பக்கத்து டயர்தான் வெளியே எட்டிப் பார்க்கும். இறக்கினால் எதிர்த்திசையில் தள்ளும். ராடு மட்டமாகும் வரைதான் அந்தத் தள்ளல். அதையும் தாண்டி இறக்கினால் ஆக்ஸில் திரும்பி வரத் தொடங்கும். இந்த விதிக்கு மாறான பக்கத்தில் ஆக்ஸில் தள்ளியிருந்தால், கோளாறு ராடின் நீளத்தில் இல்லை. அங்கேயே நின்று வேறு காரணத்தைத் தேடுங்கள்.

முதலில் அளவு

வண்டி மட்டமான தரையில், நாலு சக்கரமும் தரையைத் தொட்டபடி நிற்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும் லிஃப்டில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஆக்ஸில் கீழே தொங்கினால் ராடு மேலும் சரியும், தள்ளலும் பெரிதாகத் தெரியும். வீல் அலைன்மென்ட் கடையில் சக்கரங்களைத் தாங்கும் மேடையோ குழியோ இருந்தால் அது நல்லது.

டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். வண்டியை நேராகச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். திருப்பி வந்து அப்படியே நிறுத்தினால் டயர் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும், அளவு பொய் சொல்லும். பின் பம்பரை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

அளவெடுக்க மட்கார்டை நம்ப வேண்டாம். சேசிஸ் தனியாக இருக்கும் வண்டிகளில் பாடி ரப்பர் மவுண்டுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. புது வண்டியிலேயே பாடி சேசிஸின் நடுவிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கலாம். சேசிஸின் வெளிப்பக்கத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஆக்ஸிலுக்கு நேர் மேலே அளக்க வேண்டும். கை நுழையாவிட்டால் சேசிஸில் இருபுறமும் ஒத்த இரண்டு துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நூலிலிருந்து ரிம் வரை அளக்கலாம். பிறகு சக்கரம் அரைச்சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ரிம் லேசாக வளைந்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

இங்கே பலர் தவறும் கணக்கு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் 62, வலப்பக்கம் 74 என்று வந்தால் ஆக்ஸில் 12 மி.மீ. தள்ளியிருப்பதாக அர்த்தமில்லை. வித்தியாசத்தில் பாதி, அதாவது 6 மி.மீ.தான் தள்ளல். ஒரு பக்கம் 6 கூடினால் மறுபக்கம் 6 குறையும் அல்லவா? 12 என்று எண்ணி ராடை 12 மி.மீ. நீட்டினால் ஆக்ஸில் மறுபக்கம் 6 போய் நிற்கும்.

தள்ளல் 3 மி.மீ.க்குள் இருந்தால் நான் கைவைக்க மாட்டேன். புதிதாக ஷோரூமிலிருந்து வரும் வண்டியிலும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும்.

அறிகுறி: ஒரு டயர் வெளியே நிற்கிறது, ஓட்டுவதில் குறை எதுவும் இல்லை

அளவு எடுத்தாகிவிட்டது, தள்ளல் மேலே சொன்ன விதிப்படியான பக்கத்தில்தான் இருக்கிறது, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது என்றால் இது ராடு வேலை. ஆனால் இரண்டு விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்று, சக்கரம். ஒரு பக்கம் மட்டும் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தகடு) இருக்கிறதா, ரிம்கள் ஒரே ஆஃப்செட்தானா (ரிம்மின் நடுவிலிருந்து அது மாட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் ரிம்மின் உள்ளே பொறித்திருக்கும் எண்ணை நாலு சக்கரத்திலும் படித்துவிடுவது நல்லது.

இரண்டு, சாய்வு. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 1400 மி.மீ. அகலத்தில் இரண்டு பக்கத்துக்கும் 10 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால், வண்டி சாய்கிற நடுப்புள்ளிக்கு 400 மி.மீ. மேலே இருக்கும் மட்கார்டு விளிம்பு ஏறக்குறைய 3 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்து தெரியும். ஆக்ஸில் அசையவே இல்லை, பாடிதான் சாய்ந்திருக்கிறது. சில கிட்களில் இடப்பக்க ஸ்பிரிங், வலப்பக்க ஸ்பிரிங் என்று தனித்தனிப் பாகம் வரும். மாற்றி மாட்டியிருந்தால் இப்படி ஆகும். ஸ்பிரிங்கின் கீழ்நுனி கிண்ணத்தில் உள்ள படியில் சரியாக உட்காராமல் அரைச்சுற்று திரும்பி நின்றாலும் இதே கதைதான். சாய்வைச் சரிசெய்த பிறகே ஆக்ஸிலை அளக்க வேண்டும்.

இவை இரண்டும் இல்லையென்றால், ராடை மாற்றுங்கள். மாற்றும் முறையை அடுத்துச் சொல்கிறேன். சரியாகச் செய்தால் நாலைந்து வருஷம் தொட வேண்டியிருக்காது, தப்பாகச் செய்தால் ஒரே மழைக்காலத்தில் புஷ் போய்விடும்.

சக்கரங்கள் தரையில், முன்சக்கரத்துக்குக் கட்டை. பழைய ராடின் இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள். கழற்றிய ராடைப் புது ராடுக்குப் பக்கத்தில் தரையில் கிடத்தி, துளை நடுவிலிருந்து துளை நடு வரை ஒரே நீளமாகப் புது ராடை வையுங்கள். பிறகு தள்ளல் அளவைக் கூட்டுங்கள், அல்லது இறக்கிய வண்டியானால் கழியுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 6 மி.மீ. நீட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் மரை இருக்கிற ராடில், மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு முழுச்சுற்றுக்கு 1.5 மி.மீ. நீளும், நாலு சுற்று வேண்டும். நடுக்குழாயைத் திருப்பும் வகையில் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. அதில் ஒரு சுற்றுக்கு 3 மி.மீ., இரண்டு சுற்று போதும். அந்த வகையை வண்டியில் மாட்டிய பிறகும் திருப்பலாம். கொஞ்சம் கூடுதல் விலையானாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

புது நீளத்துக்குத் துளை நேராக வராது. ஆக்ஸில் இன்னும் பழைய இடத்தில்தானே இருக்கிறது! கடப்பாரை போட்டு நெம்ப வேண்டாம், சுத்தியலால் போல்ட்டை அடிக்கவும் வேண்டாம், மரை நசுங்கும். ஒருவர் வண்டியின் பின்பக்கத்தில் நின்று பாடியை இடுப்பால் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் 6 மி.மீ. தாராளமாக நகரும், அந்த நேரத்தில் போல்ட்டை நுழைத்துவிடலாம். ஆள் இல்லையென்றால் ராட்செட் பெல்ட் ஒன்றை ஆக்ஸிலுக்கும் எதிர்ப்பக்கச் சேசிஸுக்கும் கட்டி மெல்ல இழுக்கலாம்.

நட்டுகளை விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியைச் சில மீட்டர் உருட்டி, பம்பரை அழுத்தி, மறுபடி அளங்கள். சரியென்றால் மட்டும் முறுக்குங்கள். வண்டி தன் சொந்த உயரத்தில், சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ராடு அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். ஆக்ஸில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கியபடி நிற்கும், சீக்கிரமே கிழியும். முறுக்கும் அளவை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

நீளம் மாறாமல் மரையைப் பூட்டும் செக் நட்டை இறுக்கும்போது இரண்டு முனைப் புஷ்களும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று திரும்பியிருந்தால் ராடு தன் அச்சில் ஆட இடமில்லாமல் புஷ் ஓரத்தைத் தின்னும். மரை உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 20 மி.மீ. மரை என்றால் 30 மி.மீ. அதற்குக் குறைவாக வந்தால் உங்கள் உயரத்துக்கு அந்த ராடு போதாது, வேறு வாங்குங்கள். கடைசியாக செக் நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். அடுத்த முறை வண்டிக்குக் கீழே டார்ச் அடித்ததுமே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, வண்டி நண்டு போல ஓடுகிறது

பனார்ட் ராடை மாற்றியும் தீராத புகார் இது. ராடால் வந்த கோளாறு அல்ல என்பதால் தீராது. ஆக்ஸில் பக்கவாட்டில் 6 மி.மீ. தள்ளியிருந்தாலும், அது வண்டிக்குச் செங்குத்தாக இருக்கும் வரை வண்டி நேராகத்தான் போகும், ஸ்டீயரிங்கும் நேராகத்தான் நிற்கும். ஸ்டீயரிங் கோணலாகிறது என்றால், முன் அலைன்மென்ட் ஒழுங்காக இருக்கும் பட்சத்தில், ஆக்ஸில் கோணலாக இருக்கிறது. ஒரு சக்கரம் முன்னே, மற்றது பின்னே.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இடப்பக்க முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளங்கள். வலப்பக்கமும் அதே. முன்பக்கமும் முழு ஆக்ஸிலாக இருக்கும் ஜிம்னியில் முன் ஆக்ஸிலே கோணலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் சேசிஸில் இருபுறமும் ஒத்த துளையிலிருந்து பின் ஆக்ஸில் வரை தனியாக அளந்துவிடுங்கள். ஜிம்னியின் இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1400 மி.மீ. அந்த அகலத்தில் ஒரு பக்கம் 5 மி.மீ. முன்னே போனால் ஆக்ஸில் 0.2 டிகிரி திரும்பிவிடும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் வண்டியை நேராக ஓட்ட முன்சக்கரங்களும் அதே 0.2 டிகிரி திரும்பியே இருக்க வேண்டும். ஸ்டீயரிங் வளையத்தில் அது மூன்று, நான்கு டிகிரியாகத் தெரியும்.

நாலு சக்கர அலைன்மென்ட் தாள் கையில் இருந்தால் இன்னும் சுலபம். பின்சக்கர டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அளவில் ஒரு பக்கம் கூட்டல் 0.20, மறுபக்கம் கழித்தல் 0.20 என்று எதிரும் புதிருமாக இருந்தால் ஆக்ஸில் முழுசாகத் திரும்பியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராமல் போனால் ஹவுசிங்கே வளைந்திருக்கலாம், அல்லது பேரிங் ஆடலாம். அதை எந்த ராடாலும் நிமிர்த்த முடியாது. அலைன்மென்ட் கடையில் "பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்று தாளை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். மடிக்காமல் வாங்கிப் படியுங்கள், பதில் அதில்தான் இருக்கிறது.

கோணலுக்குக் காரணம் ஆக்ஸிலை முன்பின்னாகப் பிடிக்கும் ட்ரெய்லிங் ஆர்ம்களில் இருக்கும். ஜிம்னியில் அவை இரண்டு, இன்னோவாவிலும் ஃபார்ச்சூனரிலும் மேலே இரண்டு கீழே இரண்டு. நீளம் மாற்றும் ஆர்ம் போட்டிருந்தால் கழற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே நீளமா என்று பாருங்கள். கம்பெனி ஆர்ம் என்றால் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பரில் ஒரு பக்கம் மட்டும் பிளந்து வாய் திறந்திருந்தால், ஆர்ம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது என்று பொருள். உயரம் மாற்றும்போது எல்லா ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும்போது மறுபடி முறுக்கியிருக்க வேண்டும். பல இடங்களில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்படியானால் எல்லா போல்ட்டையும் தளர்த்தி, வண்டியைக் குலுக்கி, மறுபடி முறுக்கிப் பாருங்கள். செலவில்லாத வேலை, சில வண்டிகளில் இதுவே போதும்.

கோணல் தீர்ந்த பிறகு பக்கவாட்டுத் தள்ளலை மறுபடி அளக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஆக்ஸில் திரும்பும்போது பக்கவாட்டு அளவும் கொஞ்சம் மாறும்.

அறிகுறி: வேகத்தடையில் பின்பக்கம் ஒருபுறமாக உதறுகிறது

ஆக்ஸில் நடுவில்தான் இருக்கிறது, அளவு சரி. ஆனால் மேடு ஏறி இறங்கும்போது பின்பக்கம் பக்கவாட்டில் ஒரு எத்து எத்துகிறது. இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி நடக்கிறது. இது ராடின் சரிவால் வருவது.

நீளத்தை மாற்றினால் நிற்கும் இடம் சரியாகும், சரிவு அப்படியேதான் இருக்கும். அதே 900 மி.மீ. ராடு மட்டமாக இருந்தால் ஆக்ஸில் 40 மி.மீ. ஏறும்போது பக்கவாட்டில் 1 மி.மீ.கூட நகராது. 150 மி.மீ. சரிவில் இருந்தால் அதே 40 மி.மீ. ஏற்றத்துக்கு 5.8 மி.மீ. நகரும். அந்த உதறல்தான் முதுகில் தெரிகிறது. வளைவிலும் அப்படியே. ராடு ஆறுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்கும்போது 300 கிலோ பக்கவாட்டு விசை வந்தால், அதில் 50 கிலோ பாடியை மேலே தூக்கும், எதிர்ப்பக்க வளைவில் கீழே இழுக்கும். ஓட்டுபவருக்கு ஏன் என்று புரியாமல் ஒரு பக்கத்து வளைவு மட்டும் பயமாக இருப்பது இதனால்தான்.

தீர்வு, ராடை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவரும் பிராக்கெட். சேசிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் ஒரு வகை, ஆக்ஸில் முனையை மேலே ஏற்றும் பிராக்கெட் இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ராடு வண்டியின் நடுக்கோட்டைக் கடக்கும் உயரத்தைச் சுற்றித்தான் பின்பக்கம் சாய்கிறது. வண்டியைத் தூக்கி பாரத்தின் மையத்தை உயர்த்திவிட்ட பிறகு, அந்தப் புள்ளியைக் கீழே இறக்கினால் வளைவில் சாய்வு கூடும். ஆக்ஸில் பக்கத்தை ஏற்றினால் அந்தப் புள்ளியும் ஏறும், சாய்வு குறையும். ஆனால் உயர்த்திய பிராக்கெட் நெம்புகோலாக ஹவுசிங்கைத் திருகும் என்பதால் குறுக்கே ஒரு தாங்கு கட்டாயம் வேண்டும். இரண்டு யூ கிளாம்பில் மட்டும் தொங்கும் பிராக்கெட்டை வாங்காதீர்கள். மாட்டிய பிறகு, பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) வரை ஆக்ஸில் ஏறினால் ராடு பெட்ரோல் டேங்கிலோ டிஃப்ரன்ஷியல் மூடியிலோ இடிக்கிறதா என்று ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

50 மி.மீ. வரை தூக்கிய ஜிம்னிக்கு இதெல்லாம் தேவையில்லை, நீளம் மாற்றும் ராடு போதும். 75 மி.மீ. தாண்டினால் பிராக்கெட்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். சேசிஸில் வெல்டிங் வைக்கும் யோசனை இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதும் டேங்கிலிருந்து தள்ளி இருப்பதும் முதல் வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அறிகுறி: திரும்பும்போது பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம்

ஒருவர் பின் மட்கார்டில் கைவைத்துப் பாடியைப் பக்கவாட்டில் தள்ளி விட்டு, தள்ளி விட்டு ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ராடின் ஒரு முனை போல்ட்டில் விரல் வையுங்கள், பிறகு மறுமுனையில். விரலுக்குத் தெரியும் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது.

போல்ட் தலையைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். வாஷரின் ஓரத்தில் செம்பொடி படிந்திருந்தால் அது சாதாரணத் துரு அல்ல, இரும்போடு இரும்பு உரசி உதிர்ந்த தூள். வாஷரை நகர்த்தினால் அடியில் பளபளவென்று ஒரு வளையம் இருக்கும். போல்ட் வெகுநாளாக நழுவிக்கொண்டிருந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பிராக்கெட் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை மேலும் இறுக்கினால் ஒரு வாரம் சத்தம் நிற்கும், அவ்வளவுதான். லேத் பட்டறையில் சரியான துளையுள்ள தடித்த வாஷர் தகடு கடைந்து பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் பற்றவைப்பது முறையான வைத்தியம். போல்ட்டையும் மாற்றிவிடுங்கள். அதன் தண்டில் தேய்ந்த படி இருக்கும்.

துளை சரியாக இருந்தால் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியை அன்றே நிறுத்த வேண்டும். ராடு கழன்றால் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் உறுதியாகப் பிடிக்க வேறெதுவும் இல்லை.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் அளவு வேறாக வருகிறது

அளக்கும் முறையில்தான் குறை: உருட்டாமல் அளந்தது, டேங்க் ஒருநாள் நிறைந்தும் ஒருநாள் காலியாகவும் இருந்தது, தரை சாய்வு. இவற்றைச் சரிசெய்தும் அளவு அலைந்தால் புஷ் கிழிந்திருக்கிறது.

ஆள் ஏறினால் நகர்கிறது, காலி வண்டியில் சரியாக இருக்கிறது என்பது கோளாறே அல்ல. வளைவில் போகும் ராடு அப்படித்தான் செய்யும். எந்தப் பாரத்தில் வண்டி அதிகம் ஓடுகிறதோ அந்தப் பாரத்தில் நடுவுக்கு வையுங்கள். ஏழு பேர் ஏறும் இன்னோவாவை ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து நடுவுக்கு வைப்பதில் அர்த்தமில்லை.

அறிகுறி: டயர் ஒரு பக்கம் மட்டும் உள்ளே உரசுகிறது, ஸ்பிரிங் வளைந்து நிற்கிறது

பெரிய டயர் போட்டவர்களுக்கு வருவது. உரசிய தடம் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஷாக்கின் பக்கமா, உள் பிளாஸ்டிக்கா, சைலென்சரா? ஒரு பக்கம் மட்டும் உரசி, அளவிலும் அந்தப் பக்கம் உள்ளே தள்ளியிருந்தால் ராடால் தீரும். இரண்டு பக்கமும் உரசினால் டயர் அகலமும் ரிம் ஆஃப்செட்டும் பிரச்சினை, நடுவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் சமமாக உரசும், அவ்வளவே. ஸ்பிரிங் நடுவில் ஒருபக்கமாக வளைந்து நின்றால் மேலே இருக்கும் கிண்ணமும் கீழே இருக்கும் கிண்ணமும் நேராக இல்லை. ஆக்ஸிலை நடுவுக்கு வைத்த பிறகு அது பெரும்பாலும் நிமிரும். பம்ப் ஸ்டாப் தன் தகட்டின் நடுவில் இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பனார்ட் ராடே இல்லாத வண்டிகள்

ஜிப்ஸி, பொலேரோ, பழைய தார் எல்லாம் பின்னால் பட்டை ஸ்பிரிங். இங்கே ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிப்பது பட்டையேதான். பிளாக் வைத்தோ பட்டை கூட்டியோ ஷேக்கிள் (பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) நீட்டியோ தூக்கிய பிறகு தள்ளினால் மூன்று இடம் பாருங்கள். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் குழியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? அரைகுறையாக ஏறி நின்றால் ஆக்ஸில் அந்தப் பக்கம் முன்னோ பின்னோ போய்விடும், கோணலும் சேர்ந்து வரும். நாலு யூ போல்ட் நட்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் இறுகினால் பிளாக் சாயும். ஷேக்கிள் இரண்டும் பின்னாலிருந்து பார்த்தால் நேராகத் தொங்குகின்றனவா, ஒருபுறம் சாய்ந்திருக்கின்றனவா? சாய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றுங்கள். புதுப் பட்டை போட்ட வண்டியில் முதல் 500 கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டை மறுபடி முறுக்காவிட்டால் மற்ற எல்லா வேலையும் வீண்.

ஸ்கார்பியோ என் வண்டியின் பின்னால் வாட்ஸ் லிங்கேஜ் இருக்கிறது. நடுவில் ஒரு சுழலும் துண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ராடு. ஒரு ராடின் வளைவை மற்றது ஈடுசெய்வதால் சாதாரண ஏற்ற இறக்கத்தில் ஆக்ஸில் ஏறக்குறைய நேராகவே ஏறி இறங்கும். அளவான உயர மாற்றத்தில் அது தள்ளக் கூடாது. தள்ளியிருந்தால் நடுத்துண்டின் புஷ்ஷையும் ராடு வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சின்ன கார்களில் இருக்கும் வளையும் பீம் வகையில் உயரம் மாறினாலும் பக்கவாட்டில் நகராது. நகர்ந்திருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் வண்டி எங்கோ அடிவாங்கியிருக்கிறது.

வேலை முடிந்த பிறகு

ஆக்ஸில் நகர்ந்தால் அதோடு போகும் எல்லாமே நகரும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஆக்ஸில் முழுசாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கின்றனவா, டயரில் உரசாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலைன்மென்ட் ஒருமுறை செய்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் பெயின்ட் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்து, இடவல அளவை மறுபடி எடுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். அதனால் 1 மி.மீ. மாறியிருக்கலாம், அதை விட்டுவிடலாம். இரண்டு அளவையும் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை ஏதாவது தட்டினாலோ ஸ்பிரிங் மாற்றினாலோ, எதோடு ஒப்பிடுவது என்று மெக்கானிக்குக்கும் தெரியும்.